கற்பனைக்கும் சாட்சி வேண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓவிய வகுப்பின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

கூடத்துச் சுவரில் வைக்கப்பெற்றுள்ள ஓவியங்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை கணினியிலும் டேப்லெட்டிலும் வரையப்பெற்றவை. எவரும் காணாத உலகங்களைக் காட்டுபவை. மேகத்தின்மேல் மிதக்கும் கோட்டை, கடலடியில் உறங்கும் நகரம், கோயில் தூணிலிருந்து இறங்கி நடக்கும் யாளி என அவை விரிகின்றன. 'ஃபேன்டசி' என்று பிள்ளைகள் அழைக்கும் இவற்றைப் புனைவுலக ஓவியங்கள் என்று நாம் கூறலாம்.

இவ்வோவியங்களைக் குறித்து நம் குடியிருப்பில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. திரையின் ஒரு பக்கத்தில் நிழற்படத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் பிள்ளை வரைவதைக் காணும் பெற்றோர், "பார்த்து வரைவதற்குப் பெயர் கற்பனையா?" என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு ஆளான பிள்ளைகள் இரு வழியில் செல்வதை நாங்கள் காண்கிறோம். சிலர் படம் பார்ப்பதை அறவே விட்டு, நினைவில் உள்ளதை மட்டும் கொண்டு வரைந்து, அது செவ்வனே அமையாமையால் சோர்ந்து, வரைவதையே நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் மறைவாகப் பார்க்கத் தொடங்குகின்றனர்; மறைவு பழகியபின், பிறர் எடுத்த படத்தின்மேல் கோடிழுத்துத் தமதென்று காட்டவும் துணிகின்றனர். இரண்டும் இழப்பே. ஆதலின் இவ்வழக்கை அவை நடுவே வைத்துத் தீர்த்துக்கொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம். காணாததை வரைபவனுக்குக் கண்டதை வரைபவனினும் மிகுதியாக உண்மை வேண்டும். யாளியை எவரும் கண்டதில்லை. ஆயினும் நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் அது பாய்ந்து நிற்கும்போது நாம் ஒரு கணம் அஞ்சுகிறோம். அந்தத் துதிக்கை மெய்யான யானையின் துதிக்கை; அந்த நகம் மெய்யாகவே பற்றும் நகம். அறிந்த உறுப்புகள் உண்மையாய் இருப்பதனால், அறியாத முழு உருவத்தை நம் மனம் ஏற்றுக்கொள்கிறது. இதுவே புனைவுலக ஓவியத்தின் அடிப்படை.

சாட்சியின்றி வரைந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. 1515-ஆம் ஆண்டு மே மாதத்தில், குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்கு அளித்த காண்டாமிருகம் ஒன்று கடல் கடந்து லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கிற்று. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகக் கண்டிராத விலங்கு அது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதனை நேரிற் கண்டவரல்லர். லிஸ்பனிலிருந்து வந்த ஓர் எழுத்துக் குறிப்பையும் ஓர் எளிய வரைபடத்தையும் துணைக்கொண்டு மரத்தில் செதுக்கி அச்சிடும் படமாக அதனை வரைந்தார். தோலின் மடிப்புகள் போர்வீரனின் கவசத் தகடுகள் ஆயின. முதுகின்மேல் இல்லாத சிறு கொம்பு ஒன்றும் முளைத்தது. டியூரரின் கைத்திறனில் குறை காண்பார் எவருமிலர். அவருக்குக் கிடைத்த சாட்சியில்தான் குறை. அவர் படத்தையே பார்த்துப் பார்த்துப் பிறர் வரைந்தமையால், அந்தப் பொய்க் கொம்பு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் படங்களில் உலவியது.

கண்ணெதிரே நாள்தோறும் ஓடும் விலங்கிலும் நம் கண் ஏமாறும். பாய்ந்தோடும் குதிரையின் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி, நான்கும் நிலத்தைத் தொடாதபடி வரைவது ஓவியர்களின் வழக்கமாக இருந்தது. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் கேமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுவது உண்மையே. ஆனால் அவை வயிற்றின் கீழ் மடங்கிச் சேரும் கணத்தில்தான் அவ்வாறு எழுகின்றன என்று அப்படங்கள் காட்டின.

பார்த்து வரைந்த பெரியோரின் பட்டியல் நீண்டது. ராஜா ரவிவர்மா உயிருள்ள மாந்தரை மாதிரியாக அமர்த்தியே தேவியரையும் புராண மாந்தரையும் வரைந்தார். அவர் 1894-இல் நாம் வாழும் இம்மும்பையில் நிறுவிய அச்சகத்தின் வழியே அவ்வுருவங்கள் எளியோர் வீட்டுப் பூசையறைகளையும் அடைந்தன. அமெரிக்காவில் மாக்ஸ்ஃபீல்டு பேரிஷ் சிறு கற்களை மேசைமேல் அடுக்கி, விளக்கொளியில் பார்த்து, அவற்றை மாமலைகளாக வரைந்தார். நார்மன் ராக்வெல் தம் அண்டை அயலாரை நடிக்கச் செய்து, நிழற்படம் எடுத்து, அவற்றைத் துணைக்கொண்டு வரைந்தார். மனிதரும் டைனோசர்களும் கூடி வாழும் தீவை 1992-இல் வெளியான 'டைனோட்டோபியா' நூலில் படைத்த ஜேம்ஸ் கர்னி, சிறு மாதிரியுருவங்களைச் செய்து ஒளியில் வைத்துப் பார்த்து வரைபவர். இவர்களைக் கற்பனை அற்றவர் என்று எவர் கூறுவார்?

எனினும் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. தூணிலிருந்து இறங்கும் யாளியையே எடுத்துக்கொண்டு அம்முறையை விளக்குகிறோம்.

முதற்படி, எந்த நிழற்படத்தையும் பாராமல் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் பத்துப் பன்னிரண்டு சிறு கிறுக்கல்கள் வரைவது. யாளி எங்கே நிற்கிறது, நாம் எங்கிருந்து பார்க்கிறோம், எது பெரிது, எது சிறிது என்பன இங்கேயே முடிவாக வேண்டும். கருத்துப் பிறக்குமுன் படத்தைத் தேடினால், தேடிக் கிடைத்த படமே ஓவியத்தை ஆளும்.

இரண்டாம் படி, வினாப் பட்டியல். "யாளி" என்று தேடி வேறொருவர் வரைந்த யாளியை எடுத்துக்கொள்வதால் பயனில்லை. மடங்கும்போது துதிக்கையின் சுருக்கம் எப்பக்கம் நெருங்குகிறது? உயரத்திலிருந்து இறங்கும் பூனையின் தோள் எலும்பு எவ்வளவு மேலெழுகிறது? சாய்ந்த வெயிலில் கருங்கல்லின் பொளி எப்படித் தோன்றுகிறது? இவ்வாறு அறியாதவற்றை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிற்கும் பல படங்களைத் தேட வேண்டும்.

மூன்றாம் படி, நாமே படமெடுப்பது. வீட்டுப் பூனை மதிலிலிருந்து இறங்குவதைக் கைபேசியில் எடுக்கலாம். தம்பியின் தோளில் போர்வையைப் போர்த்தி அரசனாக நிறுத்தலாம். அம்மா பிசைந்த கோதுமை மாவில் ஓர் உருண்டை வாங்கி யாளியின் தலையைப் பிடித்து, மேசை விளக்கின் முன் வைத்தால், மூக்கின் நிழல் எங்கே விழும் என்பதை அந்த மாவே காட்டிவிடும். பெற்றோர் துணை நிற்கக்கூடிய படி இது.

நான்காம் படி, ஒளியையும் அடிவானத்தையும் நிலைநாட்டுவது. நண்பகலில் எடுத்த சிங்கத்தின் உடலும் மாலையில் எடுத்த யானையின் துதிக்கையும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒட்டுப்போட்ட துணிபோல் தோன்றும். கீழிருந்து எடுத்த படமும் மேலிருந்து எடுத்த படமும் அவ்வாறே பொருந்தா. ஆகையால் தாளின் மூலையில் ஒளி வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி இட்டு, அடிவானக் கோட்டையும் வரைந்துவிட்டு, எல்லாப் படங்களையும் அவற்றிற்கு இணங்க மாற்றி வரைய வேண்டும்.

ஐந்தாம் படி, வண்ணத்திற்கு முன் சாம்பல் நிறம். கருமை, நடுநிறம், வெண்மை என்னும் மூன்றே நிலைகளில் படத்தை அமைத்து, எட்ட நின்று பார்க்க வேண்டும். அப்போது உருவம் தெளிவாகப் புலப்படாவிடில் எத்தனை வண்ணம் பூசினும் புலப்படாது. பின்னர்ச் சிறிய வண்ண முன்வரைவு. அதன்பின்னரே மயிரும் செதிலும் நகையும். கணினியில் 'லேயர்' எனப்படும் அடுக்குகள் இருப்பதால் ஒவ்வொரு படியையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். படத்தைக் கண்ணாடியில் தோன்றுவதுபோல் இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணல்கள் தாமே வெளிப்படும். இறுதி வேலையின்போது நிழற்படங்களை மூடிவிடுமாறு எங்கள் மாணவர்க்குக் கூறுகிறோம். அதற்குள் அவர்கள் அறிய வேண்டியதை அறிந்திருப்பர்.

நிழற்படமும் முழு உண்மை பேசுவதில்லை. கைபேசியை முகத்தருகே வைத்து எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். நம் கண் நீலமும் பழுப்புமாகக் காணும் நிழலைக் கேமரா வெறுங் கருமையாக்கிவிடும். எனவே வாரத்தில் ஒரு நாளேனும் பத்து நிமிடம் ஒரு பொருளை நேரில் பார்த்து வரையும் பழக்கம் வேண்டும். அண்மை ஆண்டுகளில் சொற்களை உள்ளிட்டால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. அவை தரும் உருவம் எந்த ஒரு பொருளையும் நேரில் கண்டு பதிந்ததன்று. இல்லாத மூட்டும் மிகையான விரலும் அதில் புகக்கூடும். அதனையே சாட்சியாகக் கொள்வோர் டியூரரின் கொம்பை மீண்டும் வரைவர்.

இனி உரிமை பற்றி ஒரு சொல். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நிழற்படத்தின் உரிமை அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரையிலும் காக்கப்படுகிறது. 2008-இல் அமெரிக்கத் தேர்தலின்போது ஷெப்பர்டு ஃபேரி வரைந்த ஒபாமாவின் சுவரொட்டி உலகப் புகழ் பெற்றது. அது ஒரு செய்தி நிறுவனத்தின் நிழற்படத்தைப் பின்பற்றியதால் எழுந்த வழக்கு 2011-இல்தான் இணக்கமாக முடிந்தது. பல படங்களிலிருந்து தசையும் ஒளியும் அமைந்த விதத்தைக் கற்பது கல்வி. ஒரே படத்தின் அமைப்பை அப்படியே எடுத்தால், எடுத்தவரிடம் ஒப்புதல் கேட்டு, அவர் பெயரையும் எழுத வேண்டும். வெளிப்படையாகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இந்நேர்மை இயல்பாக வரும்.

பெருமக்களே, இறுதியாக நம் சங்கத்திற்கே உரிய செய்தி ஒன்று. சுவரில் உள்ள ஓவியங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கோட்டைகளுள் பெரும்பாலானவை பனி படர்ந்த மேலைநாட்டுக் கோட்டைகள். மரங்கள் ஊசியிலை மரங்கள். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. திரையில் எளிதிற் கிடைக்கும் சாட்சிகள் அவை. கிடைக்கும் சாட்சிகளைக் கொண்டே கற்பனை தன் உலகைக் கட்டுகிறது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் பனைமரம் வரையச் சொன்னால் தென்னையை வரைகின்றனர். தென்னையின் மட்டை இறகுபோல் நீண்டு தொங்குவதையும், பனையின் ஓலை விசிறிபோல் விரிந்து விறைத்து நிற்பதையும் அவர்கள் அருகில் நின்று கண்டதில்லை. நாம் விட்டு வந்த ஊர் அவர்கள் கனவிலும் தோன்றாமற் போவதற்கு இதுவே தொடக்கம் என்று அஞ்சுகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் பத்து நிழற்படங்களேனும் பிள்ளைகளைக் கொண்டே எடுத்துவரச் செய்யுங்கள். திண்ணைத் தூண், கிணற்று ராட்டினம், காலைச் சாய்வெயிலில் பனங்காடு, ஒப்புதல் உள்ள இடங்களில் கோயிற் சிற்பம், பூத்தொடுக்கும் பாட்டியின் கைகள் என எதுவாயினும் ஆகுக. எடுத்தவர் பெயர், ஊர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துச் சங்க நூலகக் கணினியில் சேர்த்து வைப்போம். எல்லாப் பிள்ளைகளும் அவற்றைப் பார்த்து வரையலாம். அடுத்த ஆண்டு விழாவில் மேகத்தின்மேல் மிதக்கும் கோட்டைக்குப் பனஞ்சாலை ஒன்று வழிகாட்டும்.

பெற்றோர்க்கு ஒன்று கூறி அமைகிறோம். "பார்த்துத்தானே வரைந்தாய்?" என்று இனிக் கேட்க வேண்டா. "எவற்றைப் பார்த்தாய்? அவற்றிலிருந்து என்ன அறிந்தாய்?" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். பிள்ளை தான் பார்த்த படங்களை மறைக்காமல் திறந்து காட்டும்.