ஆடையில் எழுந்த கவிதை
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்பவளாகவும் உருவகித்து, நூலுக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கூறுகிறது நன்னூல். ஆகவே ஏட்டுக்கும் இழைக்கும் உள்ள உறவு தமிழ்க் கவிஞர்க்குப் புதிதன்று. அவ்வுறவை உருவகமாக விட்டுவிடாமல், கவிதை வரிகளை மெய்யாகவே ஆடையில் ஏற்றிய ஓவியர் ஒருவர் பாரிசில் வாழ்ந்தார். அவர் சோனியா தெலோனே.

1885இல் இன்றைய உக்ரைன் நாட்டில் பிறந்து, தாய்மாமன் வீட்டுப் பிள்ளையாகப் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்து, ஓவியம் பயிலப் பாரிசுக்கு வந்தவர் அவர். 1910இல் ஓவியர் ரொபேர் தெலோனேயை மணந்தார். மறு ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது. இளமையில் உழவர் குடிசைகளில் கண்ட ஒட்டுத்துணிப் போர்வைகளை நினைவில் கொண்டு, கையில் இருந்த துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்தார். தைத்து முடித்தபோது, அக்காலப் பாரிசில் ஓவியர்கள் தேடிக்கொண்டிருந்த கனசதுரப் பாணி தம் மடியில் கிடப்பதை உணர்ந்தார். திரைச்சீலையில் அவர் தேடிய புதுமை தொட்டிலருகே கிடைத்தது.

துண்டுகள் சேர்ந்தவுடன் நிறங்கள் உயிர்பெறுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு முன்னரே விடை கூறியவர் ஷெவ்ரல் என்னும் வேதியியலறிஞர். பாரிசின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த அவரிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிவதாக முறையீடு வந்தது. ஆராய்ந்த அவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நின்ற நிறத்தில் உள்ளது என்று கண்டறிந்தார். 1839இல் அதனை விரிவான நூலாக்கினார். ஒரு நிறம் தனித்து நிற்கையில் ஒன்றாகவும், அண்டை நிறத்தோடு நிற்கையில் வேறொன்றாகவும் தோன்றும் என்பதே அதன் சாரம். தெலோனே தம்பதியர் தம் கலைக்கு 'உடனிகழ்வு' என்று பெயரிட்டது இவ்வுண்மையைப் பற்றியே.

1913இல் சோனியா தமக்கென ஓர் ஆடை தைத்தார். நிறத்தாலும் நெசவாலும் வேறுபட்ட துண்டுகள் அதில் அடுத்தடுத்து நின்றன. அதனை அணிந்து புல்லியே நடனக்கூடத்துக்குச் சென்றார். சட்டத்துள் அடங்கிய ஓவியம் அசைவதில்லை; இவ்வோவியமோ அணிந்தவர் ஆடும்தோறும் மாறியது. கவிஞர் பிளேஸ் சாந்திரார் அவ்வாடையையே பொருளாகக் கொண்டு கவிதை எழுதினார். அதே 1913இல் இருவரும் இணைந்து, சைபீரிய ரயில் பயணத்தைப் பாடும் நெடுங்கவிதை ஒன்றை ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள மடிப்புத் தாளில் வெளியிட்டனர். ஒருபுறம் வரிகள், மறுபுறம் வண்ணங்கள். 150 படிகளை நீளவாக்கில் இணைத்தால் ஈஃபிள் கோபுரத்தின் உயரம் வரும் என்பது அவர்தம் கணக்கு.

அடுத்த படி 1922 அளவில் வந்தது. திரிஸ்தான் ஜாரா முதலிய கவிஞர்களின் வரிகளைக் கொண்டு 'கவிதை ஆடைகளை' அவர் வடிவமைத்தார். வண்ணப் பட்டைகளுக்கிடையே எழுத்துகள் ஓடின. அணிபவர் கை உயர்த்தினால் ஒரு சொல் வெளிப்படும். திரும்பினால் மற்றொன்று மடிப்பில் மறையும். ஏட்டில் வரியின் ஒழுங்கு கவிஞன் கையில் இருக்கிறது. ஆடையில் அது நடப்பவர் கைக்குச் சென்றுவிடுகிறது. கவிதையைப் பிறர் உடலுக்கு ஒப்படைக்கும் துணிவு எத்தனை கவிஞர்க்கு உண்டு?

இவை யாவும் விளையாட்டு என்று தள்ளுவாரும் உளர். ஆனால் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த வாடகை வருவாய் 1917ஆம் ஆண்டுப் புரட்சியோடு நின்றபோது, குடும்பத்தைக் காத்தது சோனியாவின் ஊசியே. மாட்ரிட் நகரில் கடை திறந்தார். பாரிசுக்கு மீண்டபின் துணி வடிவமைப்புக் கூடம் நடத்தினார். 1925இல் தம் ஆடைகளுக்கு இசைய ஒரு சித்ரோயன் காருக்கும் வண்ணம் தீட்டச் செய்தார்! நெடுங்காலம் அவர் பெயர் கணவர் பெயரின் நிழலில் இருந்தது. தையலும் துணியும் தாழ்ந்த கலை என்னும் எண்ணமே அதற்கு ஒரு காரணம். அந்நிழல் விலகக் காலம் பிடித்தது. 1964இல், உயிரோடிருக்கையிலேயே லூவ்ர் அருங்காட்சியகத்தில் கண்காட்சி பெற்ற முதற் பெண் ஓவியரானார். 1979இல் மறைந்தார்.

கவிஞர்கள் இவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஆடையின் புதுமை மட்டும் அன்று. வெளிறிப்போன சொல்லைத் தூக்கி எறியுமுன், அதன் அண்டைச் சொல்லை மாற்றிப் பார்க்கலாம். தூண்டுதல் தொலைவிலிருந்து வரும் எனக் காத்திராமல், வீட்டுக் கூடையில் கிடக்கும் துண்டுத் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். 1911இல் தைத்த அப்போர்வை இன்று பாரிசின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் உடைமை. அதனைத் தைத்த கைகள் அன்று கலையைத் தேடவில்லை. குழந்தைக்குக் குளிரக்கூடாது என்றே எண்ணின.