உண்கூடத்தில் எழுந்த இசை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை ஏட்டில் வாழ்கிறதா, அரங்கில் வாழ்கிறதா என்பது புலவர் அவைகளில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் வினா. பத்தாண்டுகள் கூடிக் கவிதை படித்தும் கேட்டும் வந்த ஒரு வட்டம் இன்று மலர் ஒன்றை வெளியிடுகிறது. கேட்டவற்றுள் அச்சேறியவை சில. காற்றோடு கலந்தவை பல. அவ்வாறு கலந்தவற்றின் நிலை என்ன? இதற்கு விடை தேடும் வகையில், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உண்கூடத்தில் நிகழ்ந்த ராக் இசை நிகழ்ச்சிகளின் வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம். பொருள் தொலைவிலுள்ளது, வினா அண்மையிலேயே உள்ளது.

இடம்

யார்க்‌ஷயர்ப் பகுதியின் பெருநகரமாகிய லீட்ஸில், 1904இல் தனிப் பல்கலைக்கழகமாக உரிமை பெற்ற நிறுவனம் அது. அங்குள்ள மாணவர் உண்கூடம் இசைக்கெனக் கட்டப்பட்டதன்று. பகலில் மாணவர் தட்டேந்தி வரிசையில் நின்று உணவு கொள்வர். நிகழ்ச்சி நாளின் மாலையில் மேசைகள் அகற்றப்படும், மேடை எழும், உண்ட இடமே கேட்கும் இடமாகும். ஏறத்தாழ 2,000 பேர் நெருங்கி நின்று கேட்பர். மேடைக்கும் அவைக்கும் இடைவெளி மிகக் குறைவு.

இத்தகைய கூடங்களுக்குப் பெருங்குழுக்கள் வந்ததற்குக் காரணம் உண்டு. 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழிப் பிரித்தானிய மாணவர் கல்விக் கட்டணமின்றிப் பயின்றனர். குடும்ப வருவாய்க்கு ஏற்ப வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் பெற்றனர். 1963இல் வெளிவந்த இராபின்ஸ் குழு அறிக்கை உயர்கல்வியை விரிவுபடுத்த வேண்டுமென வலியுறுத்தியது. மாணவர் ஒன்றியங்களிடம் கூடமும் பணமும் இருந்தன; நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு மாணவருள் ஒருவரிடமே இருந்தது. ஆதலின் இசைக்குழு ஒன்று நாட்டைச் சுற்றிவரப் பல்கலைக்கழகங்களே வழித்தடமாயின. 1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் பால் மெக்கார்ட்னி தம் புதிய குழுவாகிய விங்ஸுடன் வண்டியிலேறி, முன்னறிவிப்பின்றி நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தை அடைந்து இசைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. உலகப் புகழ் பெற்ற ஒருவர் மாணவர் கூடத்தின் வாயிலில் வந்து இடம் கேட்க இயன்ற காலம் அது.

ஓர் இரவு

லீட்ஸ் உண்கூடத்தின் பெயரை உலகறியச் செய்தது 1970 பிப்ரவரி 14ஆம் நாள் இரவு. அன்று இசைத்தது ‘தி ஹூ’ என்னும் குழு. ‘யார்’ என்னும் வினாச் சொல்லே அக்குழுவின் பெயர். பாடியவர் ரோஜர் டால்ட்ரி. கிதார் பீட் டவுன்சென்ட். பேஸ் கிதார் ஜான் என்ட்விசில். முரசுகள் கீத் மூன். 1969இல் அவர்கள் ‘டாமி’ என்னும் ராக் இசைநாடகத்தை வெளியிட்டிருந்தனர். கண்ணும் செவியும் வாயும் செயலற்ற ஒரு சிறுவனின் கதை அது. கேளாத ஒருவனின் கதையைச் செவி அதிரும் ஒலியில் பாடியது அப்படைப்பின் தனித்தன்மை எனலாம்.

நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்யும் எண்ணத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தில் பல இரவுகள் நாடாக்களில் பதிவாகியிருந்தன. அத்தனையையும் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் பணிக்கு அஞ்சிய டவுன்சென்ட், அவற்றை எரித்துவிடுமாறு ஒலிப்பொறுப்பாளரிடம் சொன்னதாகப் பின்னர்க் கூறியுள்ளார். பின்பு லீட்ஸிலும், மறுநாள் ஹல் நகர மண்டபத்திலும் புதிதாகப் பதிவு செய்ய முடிவாயிற்று. ஹல் மண்டபத்துப் பதிவில் தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் பேஸ் கிதாரின் ஒலி பதிவாகவில்லை. ஆகவே லீட்ஸ் பதிவு இசைத்தட்டாயிற்று. ஒரு கருவியின் ஒலி நாடாவில் ஏறாமற்போன பிழையால் ஓர் உண்கூடம் புகழ் பெற்றது.

தட்டும் தாளும்

1970 மே மாதத்தில் ‘லைவ் அட் லீட்ஸ்’ வெளிவந்தது. நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீண்டது. தட்டில் இடம்பெற்றவை ஆறே பாடல்கள். அவற்றுள் மூன்று பிறர் பாடல்கள்: மோஸ் ஆலிசன், எடி காக்ரன், ஜானி கிட் ஆகியோருடையவை. ‘மை ஜெனரேஷன்’ என்னும் பாடல் முதலில் சிறு தட்டாக வந்தபோது மூன்றேகால் மணித்துளி அளவினது. லீட்ஸில் பதினான்கு மணித்துளிகளைக் கடந்தது. இடையிடையே ‘டாமி’யின் இசைத்துணுக்குகள் வந்து புகுந்தன. ஏட்டுப் பாடலுக்கும் அரங்கப் பாடலுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. அரங்கில் பாடல் கேட்போர் முன்னிலையில் வளர்கிறது. எங்கே முடிவது என்பதை அன்றைய இரவே முடிவு செய்கிறது.

தட்டின் உறை ஒளிப்படம் ஏதுமற்ற பழுப்பு அட்டை. அதன்மேல் முத்திரை குத்தியதுபோல் பெயர். இசைவின்றி விற்கப்படும் கள்ளத் தட்டுகளின் தோற்றத்தை வேண்டுமென்றே மேற்கொண்டது அது. உள்ளே ஒளிப்படம், ஒப்பந்தத் தாள், கடிதம் முதலியவற்றின் படிகள் வைக்கப்பட்டிருந்தன. பதிவில் கேட்கும் சிறு வெடிப்பொலிகளைத் திருத்த வேண்டா என்னும் குறிப்பும் தட்டின் முகப்பில் எழுதப்பட்டிருந்தது. ஒலியில் குறை இருப்பதை மறைக்காமல், அதுவும் அந்த இரவின் பகுதியே என ஏற்றுக்கொண்ட நேர்மை போற்றத்தக்கது.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அப்பதிவில் அவையோரின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. நால்வர் எழுப்பிய ஒலி அருகில் நிற்பதுபோல் கேட்கிறது. எதிரே நின்றவர் ஏதோ ஒரு தொலைவில் நிற்பதுபோல் கேட்கின்றனர். புகழ் பெற்ற அந்தத் தட்டில் பெரிதும் விடுபட்டவர்கள் அவையோரே.

மீட்பும் மாற்றமும்

தட்டின் கதை 1970இல் முடியவில்லை. 1995இல் விரிந்த பதிப்பு வெளிவந்தது. ஆறு பாடல்கள் பதினான்காயின. பழைய வெடிப்பொலிகள் நீக்கப்பட்டன. 2001இல் ‘டாமி’ பகுதியும் சேர்ந்து இரு தட்டுகளாக வந்தது. 2010இல் ஹல் நகரப் பதிவும் வெளியாயிற்று. அதில் பேஸ் ஒலி இல்லாத இடங்களில் லீட்ஸ் பதிவின் பேஸ் ஒலி எடுத்துப் பொருத்தப்பட்டது.

இவையனைத்தும் பெரும்பேறே. ஆயினும் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘டாமி’ முழுவதும் இரண்டாம் தட்டில் தனியே வைக்கப்பட்டது. அன்றிரவு அது நிகழ்ச்சியின் நடுவில் பாடப்பெற்றது; அதன் பின்னரே இறுதிப் பாடல்கள் வந்தன. ஒலி முழுமையாக மீண்டது; வரிசை மீளவில்லை. நெடுங்கதை ஒன்றைப் பாடி முடித்துக் களைப்போடும் களிப்போடும் எளிய பழம்பாடல்களுக்குத் திரும்பிய அந்த ஏற்ற இறக்கத்தை, கூடத்தில் நின்று கேட்டவர்களின் நினைவு காத்திருக்கக்கூடும்; தட்டு காக்கவில்லை. மறுபுறம், எந்தப் பாடல் எவ்வளவு நீண்டது என்பதில் நினைவு தவறும், தட்டு தவறாது. இரண்டில் ஒன்றே போதும் என்பார் கூற்று பொருந்தாது.

போனவை

1971 மார்ச் 13ஆம் நாள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதே உண்கூடத்தில் இசைத்தனர். அவர்கள் நாட்டை விட்டுப் பிரான்சுக்குக் குடிபெயரும் முன்னர் மேற்கொண்ட பயணம் அது. அப்பதிவு 2015இல்தான் தட்டாக வெளிவந்தது. காலப்போக்கில் பெருங்குழுக்கள் உண்கூடங்களைக் கடந்து சென்றன. ஒலிக்கருவிகளும் விளக்குகளும் பெருகின; செலவு உயர்ந்தது; அதை ஈடுகட்டப் பல்லாயிரவர் கூடும் அரங்குகள் தேவைப்பட்டன. காலையில் உணவு உண்ட இடத்தில் மாலையில் உலகப் புகழ் பெற்றோரைச் சில அடித் தொலைவில் கேட்கும் வாய்ப்பு அருகியது. ஏக்கத்தோடு அந்நாட்களை நினைப்போர் இசையை மட்டும் நினைப்பதில்லை. அந்த அண்மையையும் நினைக்கின்றனர்.

கீத் மூன் 1978இல் மறைந்தார். ஜான் என்ட்விசில் 2002இல் மறைந்தார். 2006இல் உண்கூடத்தில் நினைவு நீலப்பலகை பதிக்கப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், எஞ்சிய இருவரும் புதிய துணைவர்களோடு அதே கூடத்தில் மீண்டும் இசைத்தனர். பலகையில் பெயரை எழுதலாம். இருவர் இல்லாத குறையை எந்தப் பலகையும் நிறைக்காது.

பரிபாடல் காட்டும் வழி

தமிழ் கற்றோர்க்கு இக்கதை புதியதன்று. எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டது என்பர். முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் பல பாடல்களின் கீழ்க் குறிக்கப்பட்டுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்கள் பெயரளவில் நிற்கின்றன. அன்று எழுந்த ஒலி இல்லை. பரிபாடலில் சொல் எஞ்சியது, இசை மறைந்தது. லீட்ஸில் இசை எஞ்சியது, அவை மறைந்தது. எதை எஞ்சவிடுவது என்பதை அந்தந்தக் காலத்தின் கருவி தீர்மானிக்கிறது. எதை இழந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் கேட்டவர்கள்.

பரிபாடலைத் தொகுத்தோர் செய்த நற்பணி இங்குதான் விளங்குகிறது. இசையைக் காக்கும் கருவி அவர்களிடம் இல்லை. எனினும் இசை வகுத்தவன் ஒருவன் இருந்தான், இன்ன பண்ணில் பாடப்பெற்றது என்று ஒரு வரி எழுதி வைத்தனர். அந்த ஒரு வரி இல்லையேல், இவை இசைப்பாடல்கள் என்னும் செய்தியே மங்கியிருக்கும்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலரில் கவிதைகள் அச்சாகியுள்ளன. அவற்றைப் படித்த குரல்கள் அச்சாகவில்லை. எந்த அடியை எவர் மீண்டும் படிக்கச் சொன்னார், எந்தக் கவிதைக்குப் பின் அவை பேசாதிருந்தது என்பவை கேட்டவர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவற்றை இன்றே எழுதி வைத்தல் வேண்டும். படித்தவர் யார், கேட்டவர் யார், எந்த நாள், எந்த இடம் என்று கவிதையின் கீழ் ஒரு வரி போதும். அடுத்த பத்தாண்டு மலரைத் தொகுக்க வருவோர்க்கு அந்த ஒரு வரியே பெருஞ்செல்வமாகும்.

வட்டம் வாழ்க, கேட்போர் பெருகுக.