கடல் வாயிலில் ஒரு தொட்டில்

பெங்களூர் நகரம் 1974 முதல் காவிரி நீரைப் பருகி வருகிறது. இங்குக் குடியேறிய தமிழராகிய நமக்கும் தாகம் தணிப்பது அந்நீரே. அந்த ஆற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம், ‘மிஞ்சிய நீர் கடலில் வீணாகக் கலக்கிறது’ என்று சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. அது உண்மையில் வீண்தானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஆறும் கடலும் கூடும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். அதன் அருமையை நன்கு உணர்த்துவது சால்மன் என்னும் மீன். வட பசிபிக் கரையை அடுத்த ஆறுகளில், கூழாங்கற்களிடையே அது முட்டையினின்று வெளிப்படுகிறது. பின்னர்க் கடலை நாடுகிறது. ஆயினும், அதன் குஞ்சுகளுள் பல நேரே கடலுள் புகுவதில்லை. நன்னீர் மீன், உடலுள் ஊறிப் புகும் மிகை நீரை வெளியேற்ற வேண்டும். கடல் மீனோ, உப்பு நீரைப் பருகி, உப்பைச் செவுள் வழியே வெளியேற்ற வேண்டும். இம்மாறுதலுக்கு உடல் பழக அவகாசம் வேண்டுமன்றோ? ஆதலின், சினூக் என்னும் வகையின் குஞ்சுகள் பல வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், கழிமுகத்தில் தங்கி, உண்டு, வளர்கின்றன. நன்கு வளர்ந்த குஞ்சுக்கே கடலில் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

காவிரியில் சால்மன் இல்லை, உல்லம் இருந்தது. வங்காளியர் ‘இலிஷ்’ எனப் போற்றும் மீன் இதுவே. கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுவது இதன் இயல்பு. கொள்ளிடத்தில் 1836இல் கீழணையும், காவிரியில் 1934இல் மேட்டூர் அணையும் எழுந்தன. உழவு செழித்தது, உல்லத்தின் வழியோ அடைபட்டது.

எனினும் தொட்டில் முற்றும் வெறுமையாகிவிடவில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரத்தில் வெள்ளை இறாலும் மடவையும் வளர்கின்றன. இவை சால்மனுக்கு நேர்மாறாகக் கடலில் பிறந்து, இளமையில் கழிமுகம் புகுந்து, வளர்ந்தபின் கடலுக்கு மீள்வன. அலையாத்தி மரங்களின் உதிர்ந்த இலை மட்கி இவற்றுக்கு உணவாகிறது. வேர்களின் சிக்கல், பெரிய மீன்களிடமிருந்து காக்கும் அரணாகிறது. கரைக்கடலில் வலை வீசும் மீனவரின் பிழைப்பு பெரிதும் இங்கேதான் வேர் கொண்டுள்ளது.

ஆற்று நீர் குறைந்தால் என்ன நேரும்? கழியில் உப்பு மிகும். முகத்துவாரத்தை மணல் மூடும். குஞ்சுகள் உட்புகவும் வெளியேறவும் வழியின்றிப் போகும்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்கவியலாது கடல் சேர்வதற்கென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பிலும் இவ்வொதுக்கீடு நிலைபெற்றது. உழவருக்கும் நகரத்தாருக்கும் உரிய பங்கைப் பற்றி நாம் வாதிடுகிறோம், அது இயல்பே. ஆனால் இந்தச் சிறு பங்கிற்கும் உரியவர் உளர். கடலைச் சேரும் நீரை ‘வீண்’ என்று கூறுமுன், அந்நீரில் வளரும் குஞ்சுகளையும் அவற்றை நம்பி வலை வீசும் குடும்பங்களையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.