முன் பம்பரில் வெள்ளைப் புள்ளிகள்: காரணமும் காப்பும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கார் பெயின்ட் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சார் கேட்டுக்கொண்டார். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் பெயின்ட் ஷாப்பிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பத்து நிமிடத்தில் நிறுத்துவது கஷ்டம், முயற்சி செய்கிறேன்.

இந்தத் தலைப்பு ஏன் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. புதிய ஸ்போர்ட்ஸ் கார், ஆறு மாதம்கூட ஆகவில்லை, முன் பம்பரில் முப்பது நாற்பது புள்ளிகள். முதலில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் என்றார்கள். பிறகு ராத்திரி வாட்ச்மேன் பெயர் வந்தது. அவர் சம்பளத்தில் பிடிக்கலாமா என்றுகூட ஒருவர் எழுதினார். கார்க்காரத் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இங்கே பேசுவதற்கும் அவரே சம்மதம் கொடுத்தார். அது பந்தும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. ரோட்டுக் கல்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், காயத்தின் அடையாளம் ஒன்றுக்கொன்று வேறு. கல் பட்ட இடம் கடுகளவு, மிளகளவு இருக்கும். ஓரம் கூராக, நடுவில் பெயின்ட் பெயர்ந்து அடியில் இருக்கும் பிரைமரோ கறுப்பு பிளாஸ்டிக்கோ தெரியும். முன்னால் பார்த்த பரப்பில், அதுவும் பம்பரின் கீழ்ப்பாதியில் அதிகம் இருக்கும். அதே மாதிரிப் புள்ளி நம்பர் பிளேட்டிலும், ஹெட்லைட்டிலும், பானட் முனையிலும் இருக்கும். கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் சில இடங்களில் மடங்கியிருக்கும். எந்தப் பையனும் அங்கே போய் அடிக்க முடியாது. பந்து பட்டால் ஒரே இடத்தில் அமுங்கும், அல்லது சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும். சாவியால் கீறினால் கோடு. வேகத்தடையில் உரசினால் பம்பரின் அடி உதட்டில் முன்னும் பின்னுமாகச் சிராய்ப்பு. இன்னொரு கார் உரசினால் மூலையில் அந்தக் காரின் கலர் ஒட்டியிருக்கும். இனி யாராவது போட்டோ போட்டால் முதலில் இதைப் பாருங்கள், பெயரை அப்புறம் எழுதலாம்.

சரி, கல் எங்கிருந்து வருகிறது? நம் ஊரைச் சுற்றி அதற்குப் பஞ்சமே இல்லை. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. செங்கல்பட்டு ரோட்டில் காலையில் போனவர்களுக்குத் தெரியும். தார்ப்பாய் மேலே கட்டியிருந்தாலும் பின் கதவு இடுக்கிலிருந்து சிப்ஸ் உதிரும். இன்னொரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறு வழியாக்கும் வேலை வருடக்கணக்காக நடந்ததில், சர்வீஸ் ரோடு, மாற்றுப்பாதை, சுரண்டிய தார் என்று எல்லாவற்றையும் நம் பம்பர்கள் அனுபவித்துவிட்டன.

லாரியிலிருந்து நேராக வந்து விழும் கல் குறைவு. ரோட்டில் கிடக்கும் கல்லை முன்னால் போகும் வண்டியின் டயர் கிளப்பிவிடுகிறது, நம் கார் போய் அதன் மேல் மோதுகிறது. அதனால் அடியின் பலம் பெரும்பாலும் நம் வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடினால் மோதும் ஆற்றல் அதன் வர்க்கமாகக் கூடும். 60 கி.மீ.யில் போவதைவிட 100 கி.மீ.யில் போனால் கல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு பலமாக அடிக்கும். 80-க்கும் 100-க்கும் இடையிலேயே ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் இரட்டைத் தண்டனை. மூக்கு தாழ்வு, தரைக்குப் பக்கத்திலேயே போகிறது. மற்ற கார்களில் கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும் இடத்திலும் இதில் பாடி கலர் பெயின்ட் இருக்கும். அகலமான, மிருதுவான டயர் வேறு. அது கல்லைப் பொறுக்கித் தன் கதவுக்கடியிலேயே வீசிக்கொள்ளும். இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நம் ரேஸ் டிராக்கில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டுபவர்கள் மூக்கில் டேப் ஒட்டுவதைப் பார்க்கலாம். பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்தான். ஓட்டி முடித்த அன்றே உரித்துவிட வேண்டும். வெயிலில் காய விட்டால் பசை பிடித்துக்கொள்ளும்.

இப்போது பெயின்ட். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நல்ல சரிகையில் நடுவில் பட்டு நூல், அதன்மேல் வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். கண்ணுக்குத் தெரிவது கடைசி மெல்லிய அடுக்கு மட்டும். கார் பெயின்டும் அப்படித்தான். அடியில் பிரைமர், மேலே கலர், அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

பம்பர் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இரும்பு பாடியை அடுப்பில் 140 டிகிரி வாக்கில் சுட்டு கிளியர் கோட்டைக் கெட்டிப்படுத்துவோம். பம்பர் பிளாஸ்டிக், அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். அதனால் அதற்கு வேறு பெயின்ட், 80 டிகிரி வாக்கில் வேறு அடுப்பு. சில புதுக் கார்களில்கூட பம்பருக்கும் பக்கத்து ஃபெண்டருக்கும் கலர் ஒரு மயிரிழை மாறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஷோரூமில் சண்டை போட வேண்டாம்.

பம்பரில் ஒரு நல்லதும் இருக்கிறது, பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. புள்ளி விழுந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. அதே கல் பானட் முனையில் பட்டு இரும்பு தெரிந்தால் உடனே கவனியுங்கள். கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள ஸ்டிக்கரில் கலர் கோடு இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்கி, பல்குச்சி முனையில் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள். ஸ்ப்ரே டின் வாங்கி அடித்தால் புள்ளி போய்த் தேமல் வரும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: எதை ஒட்டுவது, எதைப் பூசுவது?

செராமிக் கோட்டிங் போட்டால் கல் படாது என்று கடையில் சொல்வார்கள். அதன் கனம் ஓரிரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. தண்ணீர் வழிந்தோடும், கழுவ எளிது, பளபளப்பு நிற்கும். கல்லை அது தடுக்காது. மெழுகும் அப்படியே.

கல்லைத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்தான். பாலியூரித்தேன் வகை, கனம் 0.15 முதல் 0.2 மி.மீ. வரை. நம் பெயின்ட் மொத்தத்தையும்விடக் கனம் கூடுதல், ரப்பர் மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் இருக்கப் பயன்படுத்திய டேப்பிலிருந்து வந்தது இது. பிறகு ரேஸ் கார்களுக்கு வந்து, இப்போது நம் பார்க்கிங் வரை வந்துவிட்டது. லேசான கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். கல் கிழித்த கிழிசல் மறையாது, ஆனால் கிழிந்தது ஃபிலிம், பெயின்ட் இல்லை.

முழு காருக்கும் ஒட்டத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். முன் பம்பர், பானட்டின் முன்பகுதி, கண்ணாடிகளின் பின்புறம், கதவுக்கடி. அவ்வளவு போதும், செலவும் பாதிக்கு மேல் குறையும். புதுக் காரென்றால் முதல் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். விழுந்த புள்ளியை ஃபிலிம் மறைக்காது. பம்பரை ரீபெயின்ட் செய்திருந்தால் ஒரு மாதம் பொறுங்கள், உள்ளே இருக்கும் சால்வென்ட் வெளியேறட்டும். அந்த பெயின்ட் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். கடையில் கேட்க வேண்டியவை: டி.பி.யூ.வா, பி.வி.சி.யா? மலிவான பி.வி.சி. நம் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும். காரின் மேலேயே பிளேடு வைத்து வெட்டுவார்களா, கம்ப்யூட்டரில் வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவார்களா? பிளேடு வழுக்கினால் பெயின்டில் கோடு. பம்பருக்குள் ரேடார் இருந்தால் அதன் முன் ஒட்டலாமா என்று கார் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். பில், வாரண்டி இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

தோல் மாதிரி முகமூடி விற்கிறார்களே, அது வேண்டாம். உள்ளே புழுதி புகுந்து உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். இரும்பு பம்பர் கார்டு கூடவே கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது. மோதும்போது ஏர்பேக் சென்சாரை ஏமாற்றும், நடந்து போகிறவரையும் கொல்லும்.

கல் இல்லாத சேதமும் உண்டு. புதுக் கார் பூஜை போடுகிறோம். பம்பரில் கம்பியால் கட்டிய மாலை, கோயில் வாசலிலிருந்து வீடு வரும்வரை ஆடி ஆடிக் கோடு போடும். நூலில் கட்டச் சொல்லுங்கள், வண்டியை எடுக்கும் முன் மாலையைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள், குங்குமம், நசுங்கிய எலுமிச்சை எல்லாம் வெயிலில் காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். மழைக்கால ராத்திரியில் ஏரிப் பக்கம் வந்தால் ஈசலும் பூச்சியும் அப்பிக்கொள்ளும். மறுநாள் காலையிலேயே ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். சுரண்டக் கூடாது.

காலையில் கார் துடைக்க வரும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: முதலில் தண்ணீர், அப்புறம் துணி. பத்து காருக்கு ஒரே வாளி, ஒரே துணி என்றால் ஒரு காரின் மண் இன்னொரு காரில் தேயும். போர் தண்ணீரை அப்படியே காய விட்டால் உப்புக் கறை நிற்கும்.

நம் கேட் வேகத்தடையையும் சொல்லியாக வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வளைவான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்முடையது அகலம் ஒரு முழம்தான். தாழ்வான கார் எவ்வளவு மெதுவாக வந்தாலும் உதடு உரசும். சிமென்ட் வேலை நடக்கும்போது இதையும் சேர்த்துச் சரி செய்யக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஒரு சக்கரம் முன்னால் ஏறும்படி சாய்வாக ஏறி இறங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், பெயின்ட் பொருள் செலவிலும் 50 சதவீதம். ஜீரோ டெப் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் க்ளெய்ம் போட்டாலே நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து க்ளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் போனால் 50 சதவீதம். நாலு புள்ளிக்காக அதை இழக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டாது.

இன்னொரு சீட்டு: "ஃபிலிம் ஒட்ட வசதியில்லை, சாதாரண ஹேட்ச்பேக்தான், என்ன செய்வது?" நெடுஞ்சாலையில் முன் வண்டிக்கு மூன்று வினாடி இடைவெளி விடுங்கள். 80 கி.மீ.யில் அது சுமார் 67 மீட்டர். டயர் கிளப்பிய கல்லில் பெரும்பகுதி அதற்குள் கீழே விழுந்துவிடும். ஜல்லி லாரி என்றால் இன்னும் பின்னால் இருங்கள், அல்லது இடம் கிடைத்ததும் சுத்தமாகத் தாண்டிவிடுங்கள். அதன் வாலில் மட்டும் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்டில்ட் பார்க்கிங்கில் இருப்பேன். பம்பரைக் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள், எது கல், எது உரசல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். வாட்ச்மேன் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன். இனி யாராவது கேட்டால் அவரே காட்டிச் சொல்வார்.