நோயாளர் பதிவு ஓர் அடைக்கலப் பொருள்



நம் நாட்டிற் கிளினிக்குக்குச் செல்வோர் பலர் கையில் ஒரு கொப்பியுடன் செல்வதைக் காண்கிறோம். அக்கொப்பி தொலைந்தால் நோயின் வரலாறும் தொலைந்துவிடும். வைத்தியர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். செய்த பரிசோதனையையே மீண்டுஞ் செய்விக்க வேண்டும். பதிவுகள் கணினியில் இருப்பின் இத்துன்பம் குறையும்.

இன்னொரு பயனும் உண்டு. 1999 இல் அமெரிக்காவில் வயொக்ஸ் என்னும் மூட்டுநோவு மருந்து விற்பனைக்கு வந்தது. முதியோருக்கு மாரடைப்பு வருவது புதுமையன்று. ஆதலால் ஒரு நோயாளியை மாத்திரம் பார்க்கும் வைத்தியர் மருந்தை ஐயுறக் காரணமில்லை. ஆனால், கைசர் பெர்மனென்டே என்னும் நிறுவனத்தின் ஏறத்தாழ 14 இலட்சம் உறுப்பினரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அம்மருந்தைக் கூடிய அளவில் உட்கொண்டோரிடம் மாரடைப்பு மிகுந்திருந்தமை புலனாயிற்று. வேறொரு பரிசோதனையும் ஆபத்தைக் காட்டவே, 2004 செப்டெம்பரில் உற்பத்தியாளர் மருந்தை மீட்டுக்கொண்டனர்.

இத்துணைப் பயனுள்ளதாயினும், மக்களின் நம்பிக்கை இல்லையேல் இவ்வேலை நடவாது. இங்கிலாந்தில் 2013 இல், குடும்ப வைத்தியர்களின் பதிவுகளைத் திரட்டக் கெயார் டேற்றா என்னுந் திட்டம் வகுக்கப்பட்டது. பதிவுகளை யார் பார்ப்பர், விரும்பாதவர் விலகுவது எங்ஙனம் என்பன மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. எதிர்ப்பு வலுத்தது, 2016 இல் திட்டங் கைவிடப்பட்டது.

அதே நாட்டில் 2020 இல், கொரோனாக் காலத்தில், ஓப்பன்சேவ்லி என்னும் ஏற்பாடு தோன்றியது. அதிற் பதிவுகள் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. ஆராய்வோர் தம் வினாவை அனுப்புவர்; தொகுத்த விடை மாத்திரம் வெளிவரும்; அவர்கள் செய்த வேலை எவரும் பார்க்கும்படி பகிரங்கமாக இருக்கும். இவ்வழியில் 1 கோடியே 70 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து, எவருக்கு உயிராபத்து அதிகமென அறிந்தனர்.

இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் வேலிதான், பயிரைக் காப்போர் மனிதரே. இளைஞர்களே, உங்களிற் சிலர் நாளை வைத்தியசாலைக் கணினியின் முன் அமர்வீர்கள். ஓர் இலக்கம் பிழைத்தால் ஒருவரின் மருந்து பிழைக்கும். ஒரு சொல் வெளியே கசிந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். பெரியோர்களே, உங்கள் பதிவு எதற்காக எடுக்கப்படுகிறது, எவர் கையிற் சேர்கிறது என்று தயங்காது கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தெளிவாக விடையளிப்பது பதிவைக் காப்போரின் கடமை.