காதல் கதையும் பைத்தியமும்

(ஆர்.கே.பேட்டையில் கூடிய வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் காதல் கதைகளும், அவற்றில் வரும் துக்கமும் பைத்தியமும் என்பதாகும். இதென்ன விளையாட்டுப் பேச்சு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தறி நிற்கும் நேரத்திலும், இரவு படுக்கையிலும், கைப்போனில் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தக் கதைகளைத்தான். துக்கம் வந்தால் எப்படி அழுவது, எப்படி வாழ்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது தாயுமல்ல, வாத்தியாருமல்ல, இந்தக் கதைகளேயாகும். ஆகையால் அவை என்ன சொல்லிக் கொடுக்கின்றன என்று பார்ப்பது நம் கடமை.

முதலில் நமது திருத்தணிகை மலையின் கதையையே எடுத்துக் கொள்வோம். வேடர் வளர்த்த பெண்ணை முருகன் கிழவேஷம் போட்டுக் காதலித்து மணந்தான் என்பது புராணம். வருஷந்தோறும் அந்த வள்ளி கல்யாணத்தைக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறார்கள். அதே மனிதர்கள், தன் மகள் பக்கத்துத் தெருவில் வேறு ஜாதிப் பையனைப் பார்த்துச் சிரித்தாள் என்று கேட்டால் அரிவாளைத் தேடுகிறார்கள். சாமிக்கு வந்தால் திருவிளையாடல், பிள்ளைக்கு வந்தால் குலநாசமா என்று கேட்கின்றேன். காதல் துக்கத்தில் பெரும் பகுதி விதியால் வருவதல்ல. நாம் உண்டாக்குவதேயாகும்.

அடுத்தபடியாகத் தேவதாஸ். வங்காளத்தில் சரத்சந்திரர் 1917ல் வெளியிட்ட கதை. 1953ல் நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் படமாக வந்தது. நமது ஊர் இரண்டு பாஷையும் புழங்கும் எல்லை ஊரானதால் இரு பக்கத்தாரும் அழுது தீர்த்தார்கள். இன்றைக்கும் ஒருவன் தாடி வளர்த்தால் 'என்னடா தேவதாஸ்' என்கிறோம். நான் கேட்பது இது: தேவதாசைக் கொன்றது எது? காதலா? குலமும் அந்தஸ்தும் பார்த்துப் பெண்ணை மறுத்த வீடும், எதிர்த்து நிற்கத் துணியாத அவன் கோழைத்தனமும், பிறகு பிடித்துக் கொண்ட சாராயமுமே யாகும். ஆனால் ஜனங்கள் கற்றுக் கொண்டது என்ன? குடித்துச் சாவதுதான் காதலுக்கு அத்தாட்சி என்பதையே!

பார்வதியைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்களா? அவளை வயது முதிர்ந்த ஒரு ஜமீன்தாருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டினார்கள். அவளும் துக்கப்பட்டாள். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் இருந்த வீட்டில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக் கொண்டு குடும்பம் நடத்தினாள். ஆண் அழுதால் காவியம். பெண் அழுதால் 'பேய் பிடித்திருக்கிறது, வேப்பிலை கொண்டு வா'! துக்கத்திலும் இந்த நாட்டில் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி.

இந்தப் பித்து நம் தேசத்துக்கு மாத்திரம் உரியதல்ல. ஜெர்மனியில் கதே என்பவர் 1774ல், காதல் கைகூடாமல் தற்கொலை செய்து கொண்ட வெர்தர் என்னும் வாலிபன் கதையை எழுதினார். வாலிபர்கள் வெர்தரைப் போல நீலச் சட்டையும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக் கொண்டு திரிந்தார்கள். அவனைப் போலவே சிலர் சாகவும் துணிகிறார்கள் என்ற அச்சத்தால், லீப்ஸிக் நகரத்தார் 1775ல் புஸ்தகத்தையும் அந்த உடுப்பையும் சேர்த்துத் தடை செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வெர்தரைச் சாகடித்த கதே மட்டும் மேலும் மேலும் எழுதி, மந்திரி வேலையும் பார்த்து, 82 வயதுவரை வாழ்ந்து 1832ல் இறந்தார்! கதைக்காரன் சாவதில்லை தோழர்களே, படிப்பவன்தான் சாகிறான். 1974ல் பிலிப்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்காரர், பத்திரிகைகள் தற்கொலைச் செய்தியைப் பெரிதாகப் போட்ட பிறகு தற்கொலைகள் கூடுவதைக் கணக்கெடுத்துக் காட்டி, அதற்கு வெர்தர் பெயரையே வைத்தார்.

நிற்க, நம் காலத்துப் படங்களுக்கு வருவோம். 1999ல் வந்த 'சேது'வில் அடிபட்டு மூளை கலங்கிய காதலனைக் கடைசியில் கொண்டு போய்ச் சேர்ப்பது சங்கிலியும் சாமியாரும் உள்ள மடத்தில். இது வெறும் கற்பனை என்று எண்ணாதீர்கள். 2001 ஆகஸ்டு 6ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து போனார்கள். கோவிலானாலும் தர்காவானாலும் மாதா கோவிலானாலும், சங்கிலி மருந்தாகுமா?

2004ல் வந்த 'காதல்' படம் இதைவிட நேர்மையானது. மதுரை மெக்கானிக் பையனும் ஆதிக்க ஜாதிப் பள்ளிக்கூடப் பெண்ணும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்கிறார்கள். நயவஞ்சகமாக அழைத்து வந்து அடித்துப் பிரிக்கிறார்கள். அவன் திண்டுக்கல் தெருவில் பைத்தியமாகத் திரிகிறான். அவனைப் பைத்தியமாக்கியது காதல் அல்ல, ஜாதி என்பதை அந்தப் படம் ஒளிக்கவில்லை.

இங்கே வைத்திய சாஸ்திரம் சொல்வதையும் கவனியுங்கள். பெரிய மனநோய்கள் பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது வயதுக்குள் தலைகாட்டுகின்றன. காதலிக்கும் வயதும் அதுதானே! ஆகவே நோய் வந்தவனைக் கண்டால் ஊரார், 'காதலால் பைத்தியமானான்' என்கிறார்கள்; பெண்ணானால் 'மோகினி பிடித்தது' என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு மகா யோசனை: 'ஒரு கல்யாணம் செய்து வைத்தால் தெளிந்துவிடும்' என்பது! டைபாய்டுக்கு யாராவது கல்யாணம் செய்து வைப்பார்களா? ஒன்றுமறியாத இன்னொரு உயிரையும் சேர்த்துக் கெடுப்பதல்லாமல் இது வேறென்ன? 2012ல் வந்த 'மூன்று' என்ற படம் நோய்க்குப் பெயர் சொல்லி டாக்டரையும் காட்டிற்று. ஆனால் அதிலும் கதாநாயகன் கட்டிய மனைவிக்கே நோயை மறைத்துக் கடைசியில் மாண்டு போகிறான். மறைத்ததுதான் அவனுக்கு எமனாயிற்று.

அப்படியானால் துக்கக் கதைகளை எல்லாம் கொளுத்திவிடலாமா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. துக்கம் நோயல்ல. அன்பு வைத்தவர் போனால் அழுவதுதான் மனிதத் தன்மை. நாளடைவில் அது தணியும். வாரக்கணக்காகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கிறது, சாக வேண்டும் என்ற நினைப்பே சுற்றுகிறது என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய காரியம். மோஸார்ட்டின் 1791ம் வருஷத்து இசை நாடகம் ஒன்றில் பாப்பகேனோ என்பவன் காதலியை இழந்து சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழி இருக்கிறதென்று நினைவூட்ட, பிழைத்துக் கொள்கிறான். துன்பத்தைத் தாண்டி வந்தவர் கதைகளைப் படித்தால் தற்கொலை குறையக்கூடும் என்று 2010ல் வியன்னா ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு, அதற்குப் பாப்பகேனோ பெயரை இட்டார்கள். கதை கொல்லவும் கொல்லும், காக்கவும் காக்கும்.

நம் நாட்டிலேயே அப்படிப்பட்ட உண்மைக் கதை இல்லையா? 2016 மார்ச்சு 13ந் தேதி உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கூட வெட்டுப்பட்ட மனைவி கௌசல்யா பிழைத்தார். அவர் மூலையில் முடங்கவில்லை. கோர்ட்டில் சாட்சி சொன்னார். மேடையேறி ஜாதிக் கொலைக்கு எதிராகப் பேசினார். துக்கப்பட்டவர் வாழ்வதும் காதலுக்குத் துரோகமல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

வாலிபர்களே! ஒரு கதையைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் துக்கத்தை உண்டாக்கியது யார்? துக்கப்பட்டவருக்கு உதவ யார் வந்தார்? சாவை அலங்காரம் செய்கிறார்களா, வாழ்வைக் காட்டுகிறார்களா?

பெற்றோர்களே! பிள்ளை பேச்சில்லாமல் உட்கார்ந்தால் மந்திரவாதியிடம் ஓடாதீர்கள். 1794லேயே சென்னையில் மனநோய்க்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அது இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று 2017ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலும் தெலுங்கிலும் காசில்லாமல் யோசனை சொல்லுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னே, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாதி எது என்று கேட்காமல், என்ன கஷ்டம் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல தாடிகளை மழிக்கும், பல உயிர்களைக் காக்கும் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்கின்றேன்.