பாடியது யார்?

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் காலை அமர்வில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுங்க சார், பத்து நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறார்கள். லினக்ஸில் பாட்டுக் கேட்க நான் பட்ட பாட்டை வேண்டுமானால் சொல்கிறேன்.

1982 முதல் 1985 வரை விடுதி மொட்டை மாடியில் சனிக்கிழமை இரவுகளில் நடந்த கச்சேரிகள் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தபேலா என்பது கவிழ்த்துப் போட்ட இரும்பு வாளி. அவற்றையெல்லாம் ஒரு டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தோம். 14 கேசட். கடைசியில் அவை என் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன.

2006-இல், பூஞ்சை பிடிப்பதற்குள் காப்பாற்றுவோம் என்று டேப்ரிக்கார்டருக்கும் கணினிக்கும் ஒரு வயரைப் போட்டு, ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்து எம்.பி.3 ஆக்கினேன். 206 பாட்டுகள். கணினியில் இருந்தது லினக்ஸ். கொள்கைப் பிடிப்பு என்றெல்லாம் நினைக்காதீர்கள், இலவசம் என்பதால்தான்!

அந்தக் காலத்து லினக்ஸில் பாட்டு என்பதே ஒரு தவம். காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து, 2002-இல் வந்த ரெட்ஹாட் 8.0-இல் எம்.பி.3 பாடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அதைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமைகள் முடிய 2017 ஆயிற்று. அதோடு, ஒரு நிரல் ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டால் பல கணினிகளில் இன்னொரு நிரல் வாய் திறக்க முடியாது. இதைத் தீர்க்க வந்த பல்ஸ்ஆடியோ 2007, 2008 வாக்கில் பெரிய லினக்ஸ் பதிப்புகளில் நுழைந்தபோது, முதலில் பல பேர் வீட்டில் சத்தமே நின்றுபோனது. இன்று பைப்வயர் வந்தபிறகு அந்தத் தொல்லை பெருமளவு ஓய்ந்துவிட்டது.

நான் நம்பியிருந்த பாட்டு நிரலின் பெயர் வேண்டாம். சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள், பாவம். பாதிப் பாட்டில் நிற்கும். சில நாள் திறக்கவே திறக்காது. "அப்பா, இதுக்குப் பேசாம டேப்ரிக்கார்டரையே வெச்சுக்கோங்க" என்பாள் மகள். இருந்தாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுத அதில் இடம் இருந்தது. அதில்தான் விழுந்தேன்.

2007-இல் நம் வகுப்புத் தோழன் ஒருவன், அந்த வாளியைத் தட்டியவன், என் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். 206 பாட்டையும் உட்கார்ந்து கேட்டான். "இது நம்ம கெமிஸ்ட்ரி ஆளுடா, இருமலை வெச்சே சொல்லிடலாம்" என்று அவன் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, யார் பாடியது, எந்த ஆண்டு, பின்னால் சிரித்தது யார் என்று நான் தட்டச்சு செய்தேன். 2010-இல் அவன் மாரடைப்பில் போய்விட்டான்.

2012 கடைசியில் லினக்ஸைப் புதுப்பித்தேன். பாட்டுகள் இருந்தது தனி வட்டில். பழைய பதிப்பு அந்த வட்டை ஒரு பாதையில் காட்டியது. புதியது நடுவில் என் பயனர் பெயரையும் சேர்த்து வேறு பாதையில் காட்டியது. நம் நிரலுக்குப் பாட்டின் அடையாளமே அந்தப் பாதைதான். பழைய இடத்தில் போய்ப் பார்த்தது, காணோம். 206 பாட்டையும் தன் ஏட்டிலிருந்து அடித்துவிட்டது. பிறகு புதிய இடத்தில் 206 பாட்டைக் கண்டு, புது வரவு என்று மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டது. பாட்டில் ஒன்றுகூடப் போகவில்லை. குறிப்பு ஒன்றுகூட இல்லை.

குறிப்பைப் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன், தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. எம்.பி.3-இன் பழைய குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 பைட்தான். அதில் யூனிகோட் தமிழைத் திணித்தாலும், யு.டி.எஃப்-8-இல் ஒரு குறிக்கு 3 பைட் வீதம் பத்துக் குறிதான் கொள்ளும்; 'பாட்டு' என்பதே ஆறு குறி. பின்னால் வந்த ஐ.டி.3 இரண்டாம் முறையில் இந்த இடநெருக்கடி இல்லை. அது எனக்குத் தெரிந்தது தாமதமாக. நகல் எடுத்து வைக்காதது முழுக்க என் தப்பு.

நிரலை எழுதியவர்களுக்குக் கோபமாக ஒரு கடிதம் அனுப்பினேன். எந்த நாட்டுக்காரரோ, மூன்றாம் நாள் பொறுமையாகப் பதில் போட்டார். அடுத்த பதிப்பில் சரி செய்வதாகச் சொன்னார், செய்தார்கள். அழிந்தது மட்டும் அழிந்ததுதான்.

பிறகு என் நினைவாலும், உங்களில் பலரை இரவு நேரத்தில் தொலைபேசியில் தொல்லை செய்தும் 175 பாட்டுக்குப் பெயர் மீட்டுவிட்டேன். இப்போது அவை கோப்புக்குள்ளும் இருக்கின்றன, நாற்பது பக்க நோட்டு ஒன்றிலும் இருக்கின்றன. பாக்கி 31.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் விரிவுரைக் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். புது நிரல்தான், காலையில் இரண்டு முறை சோதித்துவிட்டேன். 1982 முதல் 85 வரை விடுதியில் இருந்தவர்கள் தயவுசெய்து வந்து காது கொடுங்கள். பேனா கொண்டு வந்திருக்கிறேன்.